சோளேதாத் நிலையத்தின் பூட்டிய லிஃப்ட்

அனுப்புநர்:
நிகோலாசா தார்க்கி,
வில்யா சோளேதாத் குடியிருப்பு,
எல் ஆல்தோ.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வில்யா சோளேதாத் கேபிள் கார் நிலையம்.

பொருள்: ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் லிஃப்டைத் திறக்கக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் செவேரோ இந்தத் தடத்தில் இருபது ஆண்டு மினிபஸ் ஓட்டியவர். கதவோரம் நின்று நிறுத்தங்களின் பெயரைக் கூவி ஆளேற்றியவள் நான். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கீழே லா பாஸ் நகருக்கு இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கேபிள் கார் வந்தது; பதினேழு நிமிடமாயிற்று. பயணிகள் அங்கே போனார்கள், எங்கள் வண்டி நின்றது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

2. சர்க்கரை நோயால் செவேரோவின் இரு கால்களையும் எடுத்துவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி லா பாஸ் மருத்துவமனையில் டயாலிசிஸ். கேபிள் கார் மேடைக்கு எண்பத்திரண்டு படிகள். லிஃப்டில் ‘பழுது’ என்று பலகை. ஆகவே சுற்றுவழியில் இரண்டு மினிபஸ் மாறிப் போகிறோம். சக்கர நாற்காலியைக் கண்டால் பாதி வண்டிகள் நிற்பதில்லை. இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஊருக்கெல்லாம் குறைந்த நேரம் எங்களுக்கு மட்டும் இரட்டித்திருக்கிறது. முந்தைய மூன்று மனுக்களுக்கும் ‘உதிரிபாகம் வருகிறது’ என்று எழுத்துப்பிழைகூட மாறாமல் ஒரே பதில் வந்தது.

3. நேற்று, புதன்கிழமை, மேலிடத்துப் பார்வையாளர்கள் வந்தார்கள். லிஃப்ட் ஓடியது. நாங்களும் ஏறி, வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். “என்னய்யா, ராத்திரியே வந்து படுத்துட்டீங்களா?” என்று மருத்துவமனை நர்ஸ் கேட்டார். செவேரோ வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

4. மாலை கேபிள் காரில் திரும்பியபோது பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். லிஃப்டில் பூட்டு. மேடையிலிருந்த காவலரைக் கேட்டேன். “பழுதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இயக்க ஆள் போடல, அவ்வளவுதான். சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, அவரு கிளம்பிட்டாரு” என்றார். பாவம், தானே தூக்கி இறக்குவதாகவும் சொன்னார். செவேரோ ஒப்பவில்லை. “தினம் நூறு பேரைப் பத்திரமா இறக்கிவிட்டவன்யா நான். என்னை மூட்டையாட்டம் தூக்காதே” என்றார்.

5. ஆகஸ்ட் மாதக் குளிரில் பனி உறைந்த படிகளில் உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, எண்பத்திரண்டையும் அவரே இறங்கினார். நாற்காலியோடு பின்னால் நான். நாற்பது நிமிடம் ஆனது. ஊசி குத்திய இடத்திலிருந்து இரத்தம் கசிந்து சட்டைக்கை நனைந்தது. வீடு வந்ததும், “இனிமே நான் போகல, நிகோ” என்றார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

6. அவரைச் சம்மதிக்க வைக்க விடியும்வரை ஆயிற்று. லிஃப்ட் திறந்திருக்கும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தங்களைக் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

நாளை வெள்ளி. காலை ஐந்தே முக்காலுக்கு லிஃப்ட் வாசலில் இருப்போம். இம்முறை பதில் கடிதம் வேண்டாம் ஐயா. சாவியோடு ஒருவரை அனுப்புங்கள்.

இடம்: எல் ஆல்தோ
நாள்: 16 ஆகஸ்ட் 2018

இப்படிக்கு,
நிகோலாசா தார்க்கி