ஏரிக்கரையில் ஒரு வெறும் பாறை

அன்புள்ள கேமராக்காரருக்கு,

அக்கா வீட்டில் எல்லோரும் நலம். நான் ஏன் வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

உங்கள் புது ஏரி வீடியோவை நேற்று எல்லோருமாகப் பார்த்தோம். தண்ணீரும் பனிமூட்டமும் மலையும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் தொடக்கத்தில் ஒரு வெறும் பாறையையே காட்டிக்கொண்டு நிற்கிறீர்களே! "என்னடி, உன் வீட்டுக்காரர் தூங்கிட்டாரா?" என்று அக்கா சிரித்தாள்.

காரணம் எனக்குத்தானே தெரியும். எங்கே படம் எடுத்தாலும் என்னை ஒரு பாறையில் நிறுத்தி, என்னிடமிருந்துதான் கேமராவை மெல்ல மலைக்கு ஏற்றுவீர்கள். "நீ நின்னாதான் மலை எவ்வளவு பெரிசுன்னு தெரியும்" என்பீர்கள். "உங்க மலைக்கு நான் என்ன அளவுகோலா?" என்று கத்திவிட்டுத்தானே அன்று பையைத் தூக்கினேன்.

இப்போது ஆளில்லாத பாறையிலும் அதே நிதானம். கேமரா மலைக்கு ஏறும்போது மட்டும் படம் ஆடியிருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லையா?

ஞாயிறு காலை வருகிறேன். நேரே அந்தப் பாறைக்கே வந்துவிடுகிறேன். மலை எங்கும் ஓடிவிடாது. என்னை ஆற அமரப் பார்த்துவிட்டு, அப்புறம் அங்கே போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அளவுகோல்