டெனிஸ் பெயரை நான் தேடிய விதம்

புஷெனி,
ஆகஸ்டு 11

அன்பு மகள் நின்சீமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சிவப்புப் பசு கன்று போட்டது, இந்த முறையும் காளைக்கன்றுதான். போன வாரக் காற்றில் வாழைத் தோட்டத்தில் நாலு மரம் குலையோடு சாய்ந்துவிட்டது, குலைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். சிஸ்டர் கன்சோலாட்டா நீ இருக்கும் லீட்ஸுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கேழ்வரகு மாவும் ஒரு பாட்டில் நெய்யும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் நீ, "நல்லா இருக்கீங்களாப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், நாலு வருஷமாக நமக்குள் அவ்வளவுதான் பேச்சு, அதற்குள் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதம் எனக்கு ரத்த அழுத்தம் கூடியது உனக்குத் தெரியும். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பற்றிப் போனில் தேடினேன், முதலில் வந்ததைத் தொட்டேன், அது சொன்னபடி மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பூண்டுத் தூள் வரவழைத்துச் சாப்பிட்டேன், பத்தாம் நாள் தேயிலைக் கொட்டகையில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்தேன். உன் அம்மா, "ஒழுங்கா நாலு எழுத்து கத்துக்கிட்டு வந்து அப்புறம் அந்தப் போனைத் தொடுங்க" என்று திட்டி, நகர நூலகத்தில் பெரியவர்களுக்குப் போனில் தேடக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்த்துவிட்டாள். நூலகர் கியோமுஹெண்டோ என்கிற அம்மாள், நாற்பது வயது இருக்கும், வாய் சும்மா இருக்காது. முதல் நாளே என் போனை வாங்கிப் பார்த்து, "மேல சின்னதா விளம்பரம்னு போட்டிருக்கே, உங்க கண்ணுல படலையா ஐயா? காசு குடுத்தவன் முன்னாடி வந்து நிக்கிறான், அவ்வளவுதான்" என்றார். எல்லாத் தேவைக்கும் ஒரே இடத்தில் போய் நிற்கக் கூடாது என்பதுதான் அவருடைய பாடம். மருந்து என்றால் சுகாதாரத் துறையின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கேயே தேட வேண்டும், செடிக்கு வந்த நோய் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் தேடுபொறி ஒன்று இருக்கிறது, வழி வேண்டுமென்றால் வரைபடம், யாருடைய படம் என்று சந்தேகமானால் படத்தையே கொடுத்துத் தேடலாம். வாத்துப் படம் போட்ட இன்னொரு தேடுபொறி இருக்கிறது, அது நாம் முன்னால் தேடியதை நினைவில் வைத்துக்கொண்டு நம் பின்னாலேயே வராதாம். பழைய செய்தி என்றால் அதைப் போட்ட பத்திரிகையின் பக்கத்துக்கே போய்த் தேடு என்றார்.

மூன்றாவது வாரம் எல்லோரையும் அவரவர் பெயரைத் தேடச் சொன்னார். நான் யோவாசி பந்துராகி என்று தட்டினேன். செத்துப்போயிருந்தேன். கபாலேயில் அடக்கம், ஏழு பிள்ளைகள், பதினெட்டுப் பேரப்பிள்ளைகள். வகுப்பே சிரித்தது, நூலகர், "பரவாயில்லையே, அடக்கம் முடிஞ்சும் வகுப்புக்கு நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டெனிஸ் அரிநைத்வே ஞாபகம் வந்தது, நின்சீமா. போனைக் கீழே வைத்துவிட்டேன், மறுபடியும் ரத்த அழுத்தமோ என்று அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் செய்ததை நானே முழுதாகச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் டெனிஸ் தன் சித்தப்பாவோடு உன்னைப் பெண் கேட்டு வருவதற்கு முந்தின நாள் அவன் பெயரைப் போனில் தேடினேன். பெயரை மட்டும் போடவில்லை. பக்கத்தில் மனைவி என்று போட்டேன், ஏமாற்று என்று போட்டேன். கஸேஸேயில் டெனிஸ் அரிநைத்வே என்ற மாட்டு வைத்தியர், மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டப் போனதாகவும், மனைவி கோயிலுக்கே வந்து நிறுத்தியதாகவும் ஒரு பத்திரிகைச் செய்தியின் நாலு வரி வந்தது. நம் டெனிஸும் மாட்டு வைத்தியம்தானே, எனக்கு அது போதுமாக இருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. பள்ளி ஆய்வாளர் மகனுக்கு உன்னைக் கொடுக்க நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மறுநாள் இருபது பேர் முன்னால் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தேன். அவன், "அது நான் இல்லீங்க ஐயா, எங்க அம்மா மேல சத்தியம்" என்றான். நான், "இதுல உன் பேருதானே போட்டிருக்கு, போன் எனக்குச் சொந்தக்காரனா, எனக்காகப் பொய் சொல்ல?" என்று கேட்டேன், உன் பெரியப்பா சிரித்தார். நீ உள்ளேயிருந்து வந்து, "கஸேஸேக்கு ஒரே ஒரு போன் போட்டுக் கேளுங்கப்பா" என்றாய். நான் கேட்கவில்லை. அவன் சித்தப்பா சாப்பிடாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நூலகரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாத்துப் படம் போட்டதைத் திறந்து, பெயரை மட்டும் போடச் சொன்னார். அந்தப் பெயரில் எத்தனையோ பேர், ஒருவர் பாதிரியார், ஒருவர் கால்பந்து நடுவர். பிறகு அந்தப் பத்திரிகையின் பக்கத்துக்குப் போய்ப் பழைய செய்தியைத் தேடினோம். முழுச் செய்தியும் படத்தோடு இருந்தது. ஐம்பத்திரண்டு வயது, வழுக்கைத் தலை, பல் போன ஆள். அந்த அம்மாள் மெதுவாக, "ஏமாற்றுக்காரன்னு போட்டுத் தேடினா ஏமாற்றுக்காரனைத்தான் ஐயா கொண்டு வந்து குடுக்கும், நீங்க கேட்டதைத்தானே அது குடுத்துச்சு" என்றார். தேடி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, மகளே.

அடுத்த வாரம் டெனிஸ் இருக்கும் கப்வோஹேக்குப் போனேன். மாட்டுக் கொட்டிலில் ரப்பர் பூட்ஸோடு கை கழுவிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். "வாங்க ஐயா" என்று ஸ்டூல் போட்டுப் பால் கொடுத்தான். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான். அவன் சித்தப்பா போன வருஷம் தவறிவிட்டாராம். "அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும் ஐயா. கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஆனா நம்பினாரா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றான். அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள், அவன் மனைவி. "இவங்க எனக்குத் தெரிஞ்ச பெரியவங்க, புஷெனி" என்று மட்டும் அவளிடம் சொன்னான். கிளம்பும்போது, "நின்சீமாவை நல்லா இருக்கச் சொல்லுங்க" என்றான், சொல்லிவிட்டேன்.

அன்று இருந்தவர்களில் வரக்கூடியவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று, நான் படித்தது வேறு ஆளைப் பற்றி என்று சொன்னேன். உன் பெரியப்பா, "நாலு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்குடா கிளறுற?" என்றார். "படிச்சது எல்லார் முன்னாடியும்தானே" என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் அது உனக்கு இன்னொரு சுமையாகும், அதனால் எழுதவில்லை. தப்பு உன்மேலும் இல்லை, அவன்மேலும் இல்லை, அந்தப் போன்மேலும் இல்லை. விசாவைப் புதுப்பிக்கும்போது மட்டும் தேடலில் முதலில் வருவதைத் தொடாதே, அரசாங்கத்தின் சொந்தப் பக்கம்தானா என்று முகவரியைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா வாய் தவறி ஒரு பெயர் சொல்லிவிட்டாள். எஃபோசா, பேருந்து ஓட்டுகிறார், நைஜீரியாக்காரர், உனக்கு மீன் வறுத்துத் தருகிறார் என்றாள். அவளைக் கோபிக்காதே. பெரியப்பா உடனே போனை எடுத்து, "முழுப் பேரு என்ன, போட்டுப் பார்த்துடலாம்" என்றார். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லப் பிடிக்காவிட்டால் காத்திருக்கிறேன். அவருக்குக் களி கிண்டிக் கொடு, மாவு இருவருக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

உன் உழைப்பும் தூக்கமும் பேச்சுத்துணையும் குறைவில்லாமல் இருக்கக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். நெய்ப் பாட்டிலின் மூடி கசியும், நிமிர்த்தியே வை.

உன் அப்பா,
யோவாசி பந்துராகி