எலுமிச்சம்பழமும் நூற்றைம்பத்தொன்றும்

ஈஜோக், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் உஷாராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் வீட்டாரும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். உன் சௌக்கியத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் அதைத்தான் நீ போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் கார் வேக மீட்டர் படமாகவே போட்டுவிட்டாயே, இருநூற்றுப் பதினெட்டு. கீழே ‘ஒருவழியாகத் தொட்டுவிட்டேன்’ என்று எழுதி ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. உன் அண்ணன் கைதட்டும் பொம்மை போட்டான், அவன் பெண்டாட்டி நெருப்புப் பொம்மை போட்டாள், அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி நாலு தடவை பார்த்துவிட்டுக் கட்டை விரல் போட்டார். நான் ஒன்றும் போடவில்லை, எனக்குத் தோன்றியதற்கு அதில் பொம்மை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் படத்தை எடுத்தது யார்? நீயே எடுத்தாய் என்றால் அந்த நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தது யார்? பக்கத்தில் இருந்தவர் எடுத்தார் என்றால் பக்கத்தில் இருந்தது யார்? இரண்டில் எது என்றாலும் எனக்குத் தூக்கம் இல்லை. ஜெர்மனியில் சில ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் போலீஸ் பிடிக்காது என்று அண்ணன் சொல்கிறான். போலீஸ் பிடிக்காது சரி, மரம் பிடிக்காதா?

போனில் கேட்காமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நீயும் அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு என்னிடம் வரும்போது ‘சாப்டியாம்மா, சரி வைக்கிறேன்’ என்று முடித்துவிடுகிறாய். நீ அங்கே போன இந்த இரண்டு வருஷமாக அப்படித்தான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, விதைத்தது நான்தான். அதனால் இதை என் பள்ளிக்கூட வேனில், ஓட்டுகிற சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வேனைவிட அமைதியான இடம் இந்தக் கம்பத்து ஊரில் கிடையாது, பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்த மிட்டாய் வாசம்தான் கொஞ்சம்.

முதலில் அப்பாவின் சங்கதி. உன் அப்பா முப்பத்தோரு வருஷம் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர், செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு இருபதுக்கு மேல் போனால் குலை கீழே விழும் என்று பழகிய கால் அது, ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அந்தக் காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் அறுபது. மழை தூறினால் ஐம்பது. அவர் ஓட்டினால் போனில் இருக்கிற வரைபடம் நாம் நடந்து போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறது என்று அண்ணன் கேலி செய்வான். அப்படிப்பட்ட மனிதருக்கு, நீ கிளம்பிப் போன மறு மாதம் ஒரு போலீஸ் சம்மன் வந்தது. நம் மைவி கார் அவர் பேரில் இருக்கிறதல்லவா, அந்தக் கார் நெடுஞ்சாலையில் நூற்றைம்பத்தொன்றில் போனதாம். அண்ணன் உறையைப் பிரித்து அந்த எண்ணை மட்டும் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ‘எந்தத் தேதிப்பா?’ என்று கேட்பதற்குள் அப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘என்னுதுதான், ஏதோ ஒரு நாள் அவசரம்லா’ என்றார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் அவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் ‘வாங்க நூத்தம்பது’ என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது மாதம் இவர் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார், வெயிலுக்காம். அதைப் போட்டுக்கொண்டு அறுபதில் போகிறார்.

போன மாதம் ஜெராமில் சோமு அண்ணன் பேத்திக்குக் காது குத்து. சோமு அண்ணனைத் தெரியுமே, அப்பாவோடு எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். சாப்பாடு முடிந்ததும் ஆம்பிளைகள் எல்லாம் பந்தலில் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொண்டு, அவரவர் வாழ்க்கையில் போன அதிக வேகம் என்ன என்று ஆரம்பித்துவிட்டார்கள். சோமு அண்ணன் பாகான் நக்கோடா ஓமாரில் மச்சான் படகில் அலைமேல் அறுபது போனேன், கடலில் அறுபது ரோட்டில் இருநூறுக்குச் சமம் என்றார். கணேஸ்வரன் இளவட்டத்தில் மோட்டார் சைக்கிளில் நூற்றெழுபது போனேன் என்று சொல்லி, நம்பாதவர்களுக்கு முழங்கால் தழும்பைக் காட்டினார். சோமு அண்ணன் மருமகன் திவாகரன், நான் வேலை விஷயமாக விமானத்தில் தொள்ளாயிரம் போயிருக்கேன் என்றதும் பந்தலே எழுந்துவிட்டது. ‘அது நீ போனதுல்லலா, உன்னையத் தூக்கிட்டுப் போனது’ என்றார் சோமு அண்ணன். கடைசியில் அரசாங்கமே எழுத்தில் கொடுத்த வேகம் சிவானந்தத்தினுடையது ஒன்றுதான் என்று தீர்ப்பாகி அப்பாவுக்கு இரண்டாவது பாயசம் வந்தது. அவ்வளவு வேகம் எதுக்குண்ணே என்று யாரோ கேட்டதற்கு இவர் மீசையைத் தடவிக்கொண்டு, ‘வீட்லயே இருந்துரலாம்னு முடிவு பண்ணுன ஆளு, மனசு மாறி லேட்டா கெளம்புனா அப்படித்தான்லா’ என்றார். நான் பாத்திரம் எடுக்க வந்தவள் கேட்டுக்கொண்டே நின்றேன். பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்ல இந்த மனிதர் எங்கே கற்றார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு இராஜம்மா, ‘நீ எவ்ளோக்கா?’ என்று என்னைக் கேட்டாள். பள்ளிக்கூட வேன்தானே, எழுபது தாண்டினால் பிள்ளைகள் வாந்தி எடுக்கும் என்றேன்.

உஷா, அந்த நூற்றைம்பத்தொன்று என்னுடையது.

நீ கிளம்பிய நாள் காலையில் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். வேலைக்குக் கையெழுத்துப் போட்டு, டிக்கெட் எடுத்து, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு, மளிகைக் கடையில் யாரோ ‘உஷா ஜெர்மனி போவுதாமே’ என்று கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சொன்னால் அழுவாய் என்று பயந்தேன் என்றாய். அழுதிருப்பேன்தான், அதற்காக? அதனால்தான், என்னைக் கேட்காமல் போகிறவளுக்கு நான் வந்து வழியனுப்ப வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றேன். ஆனால் விடியற்காலையிலேயே பழம் எடுத்துக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி தட்டில் வைத்திருந்தேன். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டிலிருந்து யார் தூரமாகக் கிளம்பினாலும் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கின பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும். அன்றைக்கு அண்ணன் காரில் அப்பாவும் நீயும் ஏறிவிட்டீர்கள். அண்ணன் ஹார்ன் அடித்தான், ஒரு தடவை, இரண்டு தடவை. நான் குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்கக் கூடாதென்று. கார் வெறும் சக்கரத்தோடு போய்விட்டது.

அப்போதுகூடக் கல்லாகத்தான் இருந்தேன். பத்தரை மணிக்கு இராஜம்மா எட்டிப் பார்த்து, புள்ள கெளம்பிருச்சா, பழம் வச்சியாக்கா என்று கேட்டாள். வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைச் சொல்லி வாய் மூடவில்லை, கால் சாமி தட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பழம் தட்டில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. பழத்தை எடுத்தேன், மைவி சாவியை எடுத்தேன், அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. ஆபத்து வராமல் இருக்க ஒரு பழத்தைக் கொண்டுபோகிறேன் என்று நூற்றைம்பதில் பறக்கிறேன், என் சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கவில்லை, இருந்தது ஒன்று, அதுவும் கண்ணாடிக்கு முன்னால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருள்கிறது. வண்டி ஆடியது, முருகா முருகா என்று வாய் விட்டுக் கத்திக்கொண்டே போனேன். அவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்தது ஒன்பது நிமிஷம். விமான நிலையத்தில் காரை நிறுத்த இடம் தேடியது இருபத்தைந்து நிமிஷம். வீட்டுச் செருப்போடு ஓடி வந்து வாசல் காவலரிடம் என் மகள், என் மகள் என்று மூச்சு வாங்கினேன், அந்த மலாய்ப் பையன் பாவம், நீ உள்ளே போய் வெகு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அப்பாவும் அண்ணனும் தூரத்தில் நாசி லெமாக் சோறு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சாப்பிடாமல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், வெட்கமாக இருந்தது. பிறகு கார் நிறுத்தியிருந்த மேல் மாடிக்குப் போய்ப் பழத்தை நம் கார் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி இறக்கினேன். உன் விமானம் எது என்று தெரியவில்லை, அதனால் ஐந்து விமானம் ஏறும் வரைக்கும் நின்று ஐந்தையும் கும்பிட்டேன். யார் யாரோ என் புண்ணியத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பே நான் வீட்டில் இருந்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனை அறுபதில் ஓட்ட வைத்ததால் ரசம்கூட வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சம்மன் வந்தபோதும் சொல்லவில்லை, பயம்தான் காரணம். என் பேர் வெளியே வந்தால் பள்ளிக்கூட வேன் லைசென்ஸ் என்ன ஆகும், நூற்றைம்பதில் பறக்கிற அக்காவிடம் யார் பிள்ளையை ஏற்றிவிடுவார்கள்? அப்பா தேதியைப் பார்க்காமல் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டார் என்றே நம்பினேன். ஆம்பிளை மனசு, நூற்றைம்பது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? இரண்டு வருஷமாக அவர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வேன் லைசென்ஸ் புதுப்பிக்கத் தாள் தேடி நீலக் கோப்பைத் திறந்தேன். உன் பிறந்த பத்திரத்துக்குள் நாலாக மடித்த ஒரு தாள். கேமரா முன்பக்கமாக எடுத்த படம், சம்மன் கவுண்டரில் கேட்டு வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது. அதில் நான். தலைமுடி கலைந்து, வாய் பிளந்து, கண்ணாடிக்கு முன்னால் அந்த மஞ்சள் பழம். திருப்பிப் பார்த்தால் அப்பா கையெழுத்து. எஸ்டேட்டில் ஒவ்வொரு நடைக்கும் டிராக்டர் புத்தகத்தில் கோடு போட்டு எழுதுவாரே, அதே மாதிரி. தேதி, நீ போன நாள். ஓட்டுநர், தாயம்மா. சரக்கு, எலுமிச்சம்பழம் ஒன்று. போகும் இடம், உஷா. சேர்ந்த நேரம் என்று கோடு போட்ட கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். பிறகு போய் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டேன், என்ன விசேஷம் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

கோபத்தில் குழாயைத் திறந்துவிட்டது என் தப்பு கண்ணு. நான் வராமல் இருக்கவில்லை, வந்தேன், லேட்டாக வந்தேன். இனி உன் வேகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது என்று நீ சொல்லலாம், ஆனாலும் பேசுவேன், நான் அம்மா. அந்த இருநூற்றுப் பதினெட்டைத் தொட்டது போதும், இனி தொடாதே. மார்கழியில் அங்கே பனி கொட்டும், கம்பளிச் சாக்ஸ் போடு. படம் எடுத்த ஆள் யார் என்று நான் மறுபடி கேட்க மாட்டேன், அவர் அசைவம் சாப்பிடுவாரா என்று மட்டும் சொல். தீபாவளிக்கு நீ வருவதாக இருந்தால் நான்தான் கூப்பிட வருவேன், மூன்று மணி நேரம் முன்னாடியே கிளம்பி அறுபதில் வருவேன். மாரியம்மன் உனக்குக் குறை ஒன்றும் வைக்காமல் கூடவே இருக்கட்டும், போகிற பாதை எல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

மறந்துவிடாதே, இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சு விடாதே, அண்ணனிடமும்தான். எனக்கு வர வேண்டிய பழியை அவர் வாங்கிக்கொண்டு அதில் கொஞ்சம் பாயசமும் சாப்பிடுகிறார், சாப்பிடட்டும். இன்னொன்று, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் தேதியையும் மணியையும் குறித்து எனக்கு மட்டும் அனுப்பு. கோப்பில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாயம்மா சிவானந்தம்
(நூற்றைம்பத்தொன்று)