அரைக்கைக்கு அளவு இல்லை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். அம்மா முட்டிவலியோடு போட்ட சண்டை போக மிச்சத்தை என்னோடு போடுகிறாள். தையல் மெஷினுக்குப் புது மோட்டார் மாட்டியாயிற்று, எனக்குத்தான் மாட்ட முடியவில்லை.

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூட்டத்தில் டாக்டர்களுக்குச் சமமாக, அரைக்கைச் சட்டையில், தழும்பெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறாய். தங்களையே காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு என்னைப் போல் பட்டவர்கள்தானே சொல்ல முடியும் என்று எழுதியிருந்தாய். நானோ கட்டைவிரலால் உன் கையை மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் கடைக்கு வந்தவர்களிடம் காட்டினேன், மகள் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறாள் என்றேன். அந்த வெட்கத்தில்தான் உன் போனை எடுக்கவில்லை. எனக்கு வேலை அதிகம் என்று அம்மா சொன்னது பொய்.

போன வாரம் எதிர்வீட்டுக் கண்டக்டரின் மனைவி தன் மகளைக் கடைக்குக் கூட்டி வந்தாள். இந்த வெயிலில் எல்லாச் சட்டைக்கும் முழுக்கை வேண்டுமாம். மணிக்கட்டு வரைக்கும் வரட்டும் அண்ணே, கேட்டா வெயில் ஒத்துக்காதுன்னு சொல்லிக்கிறேன் என்றாள். பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. இதே பொய்யைச் சொல்லித்தானே உனக்கும் வருஷக்கணக்காக முழுக்கை தைத்தேன், ஏம்மா என்று ஒரு வார்த்தை கேட்காமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. என் மகளுக்கும் இப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லாமல் அளவெடுத்து அனுப்பிவிட்டேன். மனசு கேட்காமல் நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தம்மா முதலில் கதவைச் சாத்தப் பார்த்தாள், பிறகு அழுதாள். உங்க பொண்ணு எங்ககிட்ட பேசுவாளா அண்ணே என்று கேட்டாள். உன்னைக் கேட்காமல் நம்பர் தரவில்லை. உன் கதையை உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு வேண்டுமானால் திட்டிக்கொள். அந்தப் பிள்ளையிடம் நான் ஏதாவது உளறிவைப்பேன், சீக்கிரம் நீ பேசு. உங்கள் கூட்டத்துக்குப் பெற்றவர்களும் வேண்டும் என்றாயே, வருகிறேன். எனக்குப் பேச வராது, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். உனக்குப் புதுச் சட்டை வெட்டப்போகிறேன், ஆனால் என்னிடம் இருப்பதெல்லாம் முழுக்கை அளவுதான். கை எதுவரை இருக்க வேண்டும் என்று நீயே அளந்து எழுது.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அப்பா