இடது இறக்கையில் ஒரு நூல்

ஜூன் 3, புதன்

காலையிலேயே சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், தென்காசியே அங்கேதான். நான் ஷெட்டில்.

முதல் உலகப் போர்ச் சண்டை விமானத்தின் மாதிரி. ஆறடி இறக்கை, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இழுத்துக் கட்டிய கம்பிகள். பெட்ரோல் எஞ்சின். மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து செய்வது. யோசனை மகள் செல்வியுடையது. அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இப்படியாவது பேசிக்கொள்வோம் என்று பார்க்கிறாள்.

இடது இறக்கையின் பின்விளிம்பு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறங்கியிருக்கிறது. வலதில் இல்லை. கம்பியை முடுக்கி நேராக்கினேன்.

ஜூன் 4, வியாழன்

மறுபடி அதே ஒரு நூல். சாவி எங்கள் இருவரிடம்தான்.

"கம்பி தானா தளருது மாமா. சாரலா இருக்கும்." நான் கேட்கவேயில்லை, அவராகச் சொல்கிறார். சாரலில் இரும்புக் கம்பி தளருமா? விமானப்படையில் இருபது வருஷம் கம்பி முடுக்கியவனிடமா இந்தக் கதை? அவர் போன பிறகு நேராக்கினேன்.

ஜூன் 5, வெள்ளி

வாங்க: பசை, பூட்டுக் கம்பி, வாழைக்காய்.

மனைவி சொன்னாள்: "மாப்ள ஷெட்டுக்குள்ள தனியா நிக்காரு. கையில ஸ்பேனரு."

அப்படியா சேதி. ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடும்போது அவர் சொந்தக்காரர்கள் முன்னால் விமானம் விழ வேண்டும், கிழவன் கட்டிய லட்சணம் என்று சிரிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகாததற்குப் பழி. செல்வியிடம் சொன்னால் அழுவாள்.

ஜூன் 7, ஞாயிறு

அச்சன்புதூர், அறுத்த வயல். சாரல் இல்லை. மாப்பிள்ளை டீ வாங்கப் போன நேரம் பார்த்தேன். அதே ஒரு நூல். நேராக்கி, இனி அசையாதபடி பூட்டுக் கம்பி போட்டேன். விமானப்படை முறுக்கு, இங்கே வேறு யார் கைக்கும் வராது.

ரிமோட் அவரிடம். எழும்பியது. பனை உயரம்கூட இல்லை, இடது பக்கம் உருண்டு வரப்பில் குத்தியது.

முதலில் ஓடியவர்கள் நாங்கள் இருவரும்.

"எஞ்சின் சுத்துத வேகத்துக்கு இடது பக்கமா உருளும்லா மாமா. அதுக்குத்தான அந்தக் காலத்துல இந்த இறக்கையோட பின்விளிம்ப லேசா இறக்கி வைப்பாங்க. நானும் தினம் ஒரு நூல் வச்சேன், நிக்கல. ஏர்போர்ஸ்ல இருந்தவங்களுக்கு நான் என்ன சொல்லன்னு இருந்துட்டேன்."

இருபது வருஷமும் எனக்கு ஜெட், முன்னால் சுழலும் விசிறியே இல்லாதது. இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

குனிந்தவர் பூட்டுக் கம்பியைப் பார்த்துவிட்டார். பிளையரால் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செல்வி மூச்சிரைக்க வந்தாள். "என்னாச்சுப்பா?"

அவர்தான் பதில் சொன்னார். "கம்பி தளந்துட்டு. சாரல்தான்."