பக்கத்து வீட்டோடு நின்ற சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவர் முன்னால் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடலுக்குச் சுவர் போட்டுவிட்டார்கள். லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டி, பக்கத்து வீட்டு மைக்செட் மாமாவின் காம்பவுண்டோடு நிறுத்திவிட்டார்கள். நமக்கு இல்லை. ஏன் இல்லை என்று கேள். அளக்க இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்ததும் உன் அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்சுவர் விரிசலையெல்லாம் பூசி, வெள்ளையடித்து, சாய்ந்து கிடந்த கேட்டை நிமிர்த்தி, அலை கொண்டுவந்து போட்ட குப்பையைக்கூட ஒன்றுவிடாமல் பெருக்கினார். அப்படியே விடுங்கள், வருகிறவர் கண்ணில் படட்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவன் நம்மைப் பராரி என்று நினைக்க வேண்டுமா என்று என்மேல் பாய்ந்தார். மைக்செட் மாமா விவரமானவர். இடிந்த குளியலறையை இடிந்தபடியே விட்டுவைத்து, கிழிந்த பனியனோடு அதன் முன்னால் நின்று, தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரலைப் பாதியாகக் குறைத்துப் பேசினார். அளக்க வந்ததோ அலை அடங்கி, கரையில் மணல் சேர்ந்து கிடந்த மாதம். இன்ஜினியர் நம் வீட்டில் டீ குடித்துவிட்டு, வீடு கல்லு மாதிரி இருக்கே சார், உங்களுக்கு எதுக்குச் சுவர் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அப்பா தெருவெல்லாம் பெருமை பேசித் திரிந்தார்.

இப்போது பாறையில் மோதுகிற அலை, பாறை முடிகிற இடத்தில் வளைந்து நேரே நம் பின்பக்கத்தைத் தோண்டுகிறது. முன்பு எல்லார் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றது, இப்போது மொத்தப் பசிக்கும் நாம்தான். துணி காயப்போடுகிற இடம் முதலில் போனது, போன வாரம் பின்வாசல் படியும் நிலையும் கதவும் சேர்ந்தே போய்விட்டன. ஆபீசில் போய்க் கேட்டால் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள், அந்தக் கட்டம் வரும்போது காப்பாற்ற இங்கே என்ன மிச்சம் இருக்கும். மாமா துக்கம் விசாரிக்க வந்தார், குரல் பழையபடி ஏறிவிட்டது, உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா சாக்கில் மணலை நிரப்பி அடுக்குகிறார், மறுநாள் அலை சாக்கோடு கொண்டுபோகிறது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். நான் வளர்ந்த வீடு, விட்டுடாதீங்க அப்பா என்று போனில் அழுதாயே, அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், கிளம்புங்கள் என்றால், "பொண்ணு வந்து வீடு எங்கேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்" என்கிறார். அங்கே இருந்துகொண்டு ஆசைப்படுவது சுலபம், இங்கே படுத்துத் தூங்குவது நாங்கள். ஒவ்வொரு அலைக்கும் கட்டில் அதிர்கிறது, உன் அறைச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். என் பேச்சு எடுபடாது, உன் பேச்சு எடுபடும். வீடு வேண்டாம் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க என்று ஒரே ஒரு தரம் உன் வாயால் சொல்லிவிடு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அழாமல் சொல், அழுதால் அவர் மறுபடியும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நீங்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் இருந்தாலும் காலுக்குக் கீழே தரை நிலைத்து, ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். இன்னொன்று, நம் பின்வாசல் சாவி இன்னும் உன் சாவிக்கொத்திலேயே இருக்கிறது என்று போன தடவை வீடியோவில் எடுத்துக் காட்டினாயே. அதைக் கழற்றிவிடு.

உன் அம்மா