கேமராவுக்குத் தெரியாத கை

பிப்ரவரி 9, 2026, திங்கள்

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. கம்பெனிக்கு அரைமணி தாமதம். முதலாளி கூப்பிட்டது அதற்காக இல்லை. நாங்கள் செய்யும் பிரஸ் மிஷினில் இருபதை ஒரு ஜெர்மனி கம்பெனி வாங்குகிறது. தகட்டை அழுத்தும் இடத்துக்கு மேலே கேமரா; கை உள்ளே போனால் அதுவே கண்டுபிடித்து மிஷினை நிறுத்தும். அந்தச் செயற்கை மூளை பெங்களூரில் வாங்கியது. ஆனால் மிஷின் மேல் இருப்பது எங்கள் பெயர், அதனால் ஐரோப்பியச் சட்டப்படி பொறுப்பு எங்களுக்குத்தான். சட்டம் முழுதாக அமலுக்கு வர நாள் இருக்கிறதாம். வாங்குகிறவர்கள் இப்போதே கேட்கிறார்கள். அது எதைப் பார்த்துக் கற்றது, எப்படிச் சோதித்தோம், எங்கே தவறும் - எல்லாம் ஒரு கோப்பாக, கடைசியில் ஒருவர் கையெழுத்தோடு. 'அன்புக்கரசி, தர ஆய்வாளர்' என்று என் பெயரை அச்சடித்தே வைத்திருக்கிறார்.

அசெம்பிளியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் பீம்ராவுக்கு ஒரே பெருமை. மாலைக்குள் வியாசர்பாடியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

சோதனை. அழுத்தும் பாகத்தைக் கழற்றிவிட்டு விளக்கை மட்டும் பார்த்தோம்; கை தெரிந்தால் சிவப்பு, தெரியாவிட்டால் பச்சை. வெறுங்கை, இருநூறு தடவை - இருநூறும் சிவப்பு. புதுக் கையுறை - சிவப்பு. பிறகு பிரஸ் ஓட்டும் கன்னியம்மா அக்கா, ஷிப்டிலிருந்து அப்படியே வந்து, எண்ணெய் ஊறிக் கறுத்த கையுறையோடு கையை நீட்டினார். பச்சை. எடுத்து மறுபடி வைத்தார். பச்சை.

"இன்னாம்மா, என் கை அதுக்குத் தெர்லயா?"

நூறு தடவையில் பதினொன்று தெரியவில்லை. எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 13

பெங்களூருக்குப் போன் செய்தேன். எந்தக் கைகளின் படங்களைக் காட்டிப் பழக்கினீர்கள் என்றால், அது தொழில் ரகசியமாம். அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் எழுதித் தரவேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

முதலாளி என் தாளை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. சுத்தமான கையுறை மட்டும் போடவேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அந்தப் பதினொன்றைக் கோப்பில் எழுதாமல் விட்டுவிடச் சொன்னார். "பொய் எழுதச் சொல்லலம்மா. எல்லாத்தையும் எழுத வேணாம்னுதான் சொல்றேன்."

மார்ச் ஆறு கப்பல். தவறினால் ஒரு ஷிப்டை நிறுத்தவேண்டிவரும், முதலில் அசெம்பிளிதான் என்றார். என் பிரசவத்தின்போது தன் காரை அனுப்பிய மனிதர். இவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிப்ரவரி 17

கையெழுத்துப் போடவில்லை. தலைவலி என்று அரைநாள் விடுப்பு.

பிப்ரவரி 20, வெள்ளி

வீட்டில் சண்டை. "நீ போடலன்னா வேற எவனாவது போடுவான். மிஷினு எப்டியும் கப்பல் ஏறும்" என்கிறார். அந்தக் கோப்பைப் பத்து வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம். பத்து வருஷமும் எங்கேயோ ஒருத்தி விரல் போச்சா போச்சான்னு நான் காதைத் தீட்டிக்கினு இருக்கணுமா? போடாவிட்டால் இவர் வேலை போகும். போட்டால் - எந்தப் பக்கம்தான் திரும்பறது?

பிப்ரவரி 24, செவ்வாய்

கோப்பு அச்சாகி வந்துவிட்டது. என் சோதனைத் தாள் இல்லை. கையெழுத்து இருக்கிறது: பீம்ராவ், பாதுகாப்புப் பொறுப்பாளர். நேற்றுவரை இவருக்கு அப்படி ஒரு பதவி இல்லை.

பிப்ரவரி 25

"உன் பேர அதுலேர்ந்து எடுக்கத்தான் போட்டேன்" என்றார். நம்புகிறேன். அதுதான் வலிக்கிறது. இனி நான் வாயைத் திறந்தால் மாட்டுவது இவர்.

பிப்ரவரி 27, வெள்ளி

எங்கள் பட்டறையிலும் இந்தக் கேமராவைப் பொருத்தப்போகிறார்கள். இதுவரை இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை அடியில் மாட்ட வழியில்லை. கேமரா வந்தால் பட்டன் வேண்டாமாம். வேகம் கூடுமாம்.

கன்னியம்மா அக்கா சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ படிச்சவ. நம்பி கைய வுடலாமா, சொல்லு."

வேண்டாம்க்கா என்றேன். சொல்லிவிட்டேன். அக்காவுக்குச் சொன்னதை ஜெர்மனியில் முகம் தெரியாத ஒருத்தியிடம் மட்டும் எப்படி மறைப்பது? அக்காவிடம் சொன்னதை வீட்டில் பீம்ராவிடமும் சொன்னேன்.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் பீம்ராவ் சொல்லாமல் கிளம்பிப் போனார். மதியம் வந்து மடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார். தடவைக்கு ஒன்றாக அவர் போட்ட நூறு கோடுகள். கேமராவுக்குத் தெரியாத ஒன்பதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"நான் நம்பல அன்பு. கம்பெனிக்குப் போயி அழுக்குக் கையுறையோட நானே கைய வெச்சுப் பாத்தேன்." தாளை என் பக்கம் தள்ளி, "ரெண்டு பேரு தாளயும் ஜெர்மனிக்கு அனுப்பு. சோதிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு என் பேர்லயே எழுது."

மார்ச் 2

முதலில் முதலாளியிடம் சொன்னோம். அனுப்பக்கூடாது என்றார். அவர் எதிரிலேயே அனுப்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆர்டரை ரத்து செய்யவில்லை; நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அழுக்குக் கையுறையோடு சோதித்து முடிவு அனுப்பும்வரை ஒரு மிஷினும் வரக்கூடாதாம். அசெம்பிளி மூடியாயிற்று. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். நட்டு போல்ட் எண்ணுகிறேன். ஷிப்ட் போனவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

பீம்ராவ் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்கப் போகிறார்.

மார்ச் 30

பெங்களூர்க்காரர்கள் கடைசியில் இறங்கி வந்தார்கள். மூன்று நாளாகப் பட்டறைக் கைகளைப் படமெடுக்கிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 22, புதன்

முதலாளி மேலே வரச் சொன்னார். என் பழைய நாற்காலியைக் காட்டி, "ஜெர்மனிக்காரன் உன் கையெழுத்துதான் வேணுங்கறான்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. அழுக்குக் கையுறையோடு நானே சோதித்தேன், ஐந்நூறு தடவை. கேமரா மட்டும் போதாது, இரண்டு பட்டனும் இருக்கவேண்டும் என்று எழுதினேன். அவர் அந்த வரியை அடித்துவிடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அசெம்பிளிக்குப் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டியலில் பீம்ராவ் பெயர் இல்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது பீம்ராவ் யார்டிலிருந்து வந்த அலுப்பில் சுவரோரம் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"எத்தினி தெர்ல?"

"ரெண்டு."

"எழ்தினியா?"

"எழுதினேன்."

கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.